தூக்கிக்கொண்டு போனவனுக்கு வகுப்புத்தடை

குடிக்கிறது எங்கட உரிமை எண்டு எழுத நாங்கள் வரவில்லை. முதலே சொல்லிவிடுகிறோம், ஏனெண்டால் இப்படியான கட்டுரைக்கு வருகிற முதல் பதில் எப்பவும் அதுதான்: "பெடியளுக்குக் குடிக்க விடச்சொல்லிக் கேக்கினம்." எங்களில் பாதிப்பேர் பெண்கள். இரவு ஏழு மணிக்கு நூலகத்தால வரேக்க ஒழுங்கையில வெறியில நிக்கிற சீனியர்மாரைத் தாண்டிப் போறது என்னெண்டு எங்களுக்கு நல்லாத் தெரியும். எங்களில் இன்னும் சிலபேருக்கு வீட்டிலயே குடிகாரத் தகப்பன்மார். ஆகவே குடியைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

நாங்கள் கேட்கிறது வேற. பல்கலைக்கழகங்களில் மதுவுக்கும் போதைக்கும் எதிராக இருக்கிற விதிகள் ஆரைக் காப்பாற்றுகின்றன?

ஒரு கதை சொல்லுகிறோம். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம் எண்டு எழுதமாட்டோம். நடந்தது உண்மை, எங்கட சிநேகிதர் வட்டத்துக்குள்ள நடந்தது. ஒரு போர்டிங் அறையில பிறந்தநாள். ஐந்து பெடியள், ரெண்டு போத்தல் சாராயம், வெறும் வயிறு. பதினொரு மணிபோல ஒருத்தன் சத்தி எடுத்து, அப்படியே சரிஞ்சுபோனான். கூப்பிட்டால் பதில் இல்லை. கை கால் குளிர்ந்துபோச்சு. மற்ற நாலு பேரும் என்ன செய்திருப்பினம் எண்டு நினைக்கிறியள்? கூட்டம் வைச்சவை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் பதிவு வருமோ, பொலிஸ் கம்பசுக்கு அறிவிக்குமோ, அறிவிச்சால் வகுப்புத்தடை எத்தனை மாதம், சோதனை எழுத விடுவாங்களோ. தேசிக்காய்ப் புளி பருக்கிப் பார்த்தவை. தலையில தண்ணி ஊத்திப் பார்த்தவை. ஒன்றரை மணித்தியாலம் போச்சு. ரெண்டு பேர் இதில நிண்டால் தாங்களும் மாட்டுப்படுவம் எண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டினம். மிச்ச ரெண்டு பேரும் போர்டிங் அம்மாவை எழுப்ப, அந்த மனுசி பேசிப் பேசி ஒரு ஓட்டோவைப் பிடிச்சு ஏத்தினது. சத்தி தொண்டைக்குள்ள போய் அடைச்சிருந்தால் ஆள் முடிஞ்சிருக்கும் எண்டு டொக்டர் சொன்னாராம். ஆள் தப்பிட்டான்.

பிறகு விசாரணை. "ஆர் வாங்கினது? எங்க வாங்கினது? இதுக்கு முதல் எத்தனை தரம்?" இவ்வளவுதான் கேள்வி. "ஏன் ஒன்றரை மணித்தியாலம் பிந்தினது?" எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை. தீர்ப்பு: கிடந்தவனுக்கும் தூக்கிக்கொண்டு போன ரெண்டு பேருக்கும் வகுப்புத்தடை. ஓடிப்போன ரெண்டு பேரின்ர பெயர் எதிலயும் இல்லை. அவை ஒழுங்காப் பட்டம் எடுத்து வெளிக்கிடப் போகினம்.

இந்த விதி அண்டைக்கு இரவு அந்த அறைக்குள்ள என்ன படிப்பிச்சது எண்டதை நீங்களே யோசியுங்கோ. அடுத்த முறை ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஓடுவினம்.

இதை நாங்கள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில கோர்னெல் பல்கலைக்கழகம் 2002 இலேயே ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அளவுக்கு மிஞ்சிக் குடிச்சு ஆபத்தில கிடக்கிறவருக்கு உதவி கூப்பிட்டால், கூப்பிட்டவருக்கும் கிடந்தவருக்கும் மது விதிக்குக் கீழ ஒழுக்காற்றுத் தண்டனை இல்லை. பதிலாக ஆற்றுப்படுத்தலுக்குப் போகவேண்டும். அதுக்குப் பிறகு உதவிக்கு வந்த அழைப்புகள் கூடினதாகப் பதிவு இருக்கு. இப்ப அங்க எத்தனையோ பல்கலைக்கழகங்களில இது சாதாரண விதி. போர்த்துக்கல் ஒரு நாடாகவே 2001 இல இன்னும் தூரம் போனது: சொந்தப் பாவனைக்கு வைச்சிருக்கிற சிறிய அளவு போதைப்பொருளைக் குற்றவியல் வழக்காகப் பார்க்காமல், சமூக சேவையாளரும் உளவியலாளரும் இருக்கிற ஆணைக்குழுவுக்கு அனுப்புகிற முறை. விற்கிறது அங்கயும் குற்றம்தான். பாவிக்கிறவனையும் விற்கிறவனையும் வேறாகப் பார்க்கத் தெரிஞ்ச சட்டம், அவ்வளவுதான்.

எங்கட நாட்டில என்ன நடந்தது? 2022 இல சட்டத்தைத் திருத்தி 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை எண்டு ஆக்கினார்கள். 2023 டிசம்பரில 'யுக்திய' எண்டு ஒரு நடவடிக்கை தொடங்கி ஆயிரக்கணக்கில அள்ளினார்கள், ஐ.நா. நிபுணர்கள் நிறுத்தச் சொல்லிக் கேட்கிற அளவுக்குப் போனது. புனர்வாழ்வு எண்டு அனுப்புகிற கந்தக்காட்டில 2022 ஜூனில ஒருத்தர் இறந்து, கலவரம் வெடிச்சு, நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடினார்கள். "பெடியனைப் பொலிசில குடுங்கோ, திருந்துவான்" எண்டு சொல்லுற பெரியவை இந்த இடங்களுக்கு ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இதையெல்லாம் செய்தும் குடாநாட்டுக்குள்ள தூளும் ஐசும் வந்துகொண்டுதான் இருக்கு, பாக்குநீரிணையால கேரளக் கஞ்சாவும் வந்துகொண்டுதான் இருக்கு. கடற்கரைக்குக் கடற்கரை காவலரண் இருக்கிற ஊரில அது எப்பிடி வருகுது எண்டு கேட்டால் அந்தக் கேள்விக்கு மட்டும் விசாரணைக்குழு கிடையாது.

இனி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 2025 ஜனவரிக் கடைசியில கலைப்பீட மாணவர்கள் வகுப்புத்தடைக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தார்கள். பேரவை தடையை நீக்கியது. கலைப்பீடாதிபதி பேராசிரியர் ரகுராம் பதவி விலகினார். விரிவுரையாளர்கள் அவருக்கு ஆதரவாக இறங்கினார்கள். அந்தப் பிரச்சினையில ஆர் பக்கம் எவ்வளவு சரி எண்டு மறுவிசாரணை செய்ய நாங்கள் இதை எழுதவில்லை. எங்களைக் கவலைப்படுத்தினது முகநூலில நடந்தது. ரெண்டே ரெண்டு கட்சி. ஒண்டு, "கம்பஸ் முழுக்கக் குடிகாரர், கஞ்சாக்காரர், எல்லாரையும் கலை". மற்றது, "எங்கட பெடியளில கை வைக்காதே". நடுவில நிண்டு, விசாரணை முதலோ தண்டனை முதலோ, அந்த விசாரணையில மாணவனுக்காகக் கதைக்க ஆர் இருக்கினம், முறைப்பாடு செய்த பெண்பிள்ளைக்கு ஆர் பாதுகாப்பு எண்டு கேட்டவர்களை ரெண்டு பக்கமும் சேர்ந்து பேசினது.

மாணவர் ஒன்றியத் தோழர்களுக்கும் இதில ஒரு கணக்குத் தீர்க்க இருக்கு. வகுப்புத்தடைக்கு எதிராக ஒரே இரவில பந்தல் போடத் தெரிஞ்ச உங்களுக்கு, முதலாம் வருசப் பெடியனைச் சீனியர் அறைக்குக் கூப்பிட்டு, குடிக்கமாட்டன் எண்டு சொன்னவனுக்கு வாயில ஊத்தினதைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் போடத் தெரியாதா? இது பகிடிவதை. 'பற்ச் ஃபிற்' எண்டு பெயர் மாத்தினாலும் பகிடிவதைதான். 1997 இல பேராதனையில பொறியியல் படிக்கப்போன தமிழ் மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையால சிறுநீரகம் செயலிழந்து செத்த பிறகுதான் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச்சட்டம் வந்தது. சட்டம் வந்து இருபத்தைந்து வருசம் தாண்டியும் பகிடிவதை அப்படியே கிடக்கு. சட்டத்தில குறை இல்லை. வாய் திறந்தால் தான் தனிச்சுப்போவன் எண்டு முதலாம் வருசத்துப் பிள்ளை பயப்பிடுற வரைக்கும் அது புத்தகத்திலதான் இருக்கும். போதை விதிக்கும் அதே கதிதான் நடக்குது.

விதி ஊழியருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கு எண்டு எங்களுக்கு அடிக்கடி நினைவுபடுத்துவார்கள். சரி. ஊழியருக்கு எதிராக முறைப்பாடு வந்தால் குற்றப்பத்திரம், பதில் எழுதத் தவணை, முறையான விசாரணை, பக்கத்தில நிக்கத் தொழிற்சங்கம். அப்படித்தான் இருக்கவும் வேணும், அதில எங்களுக்குப் பொறாமை இல்லை. மாணவனுக்கு எண்டு வரேக்க மட்டும் முதல்ல தடை, பிறகு கடிதம், அதுக்கும் பிறகு விசாரணை. ஒரு செமஸ்டர் போனால் சோதனை போச்சு, சோதனை போனால் ஒரு வருசம் போச்சு. பிறகு நிரபராதி எண்டு கண்டுபிடிச்சு என்ன செய்யிறது? ஆர் குடிச்சிட்டு வந்தால் கூட ஆபத்து எண்டும் யோசிக்கவேணும். பின் வாங்கில வெறியில நித்திரை கொள்ளுற மாணவனால ஒரு விரிவுரை கெடும். புள்ளி போடுற கை, ஆய்வை மேற்பார்வை செய்கிற ஆள், களப்பயணத்துக்குப் பொறுப்பாக வாற ஆள் வெறியில நிண்டால் கெடுகிறது அதைவிடப் பெரிசு, பெண் மாணவிகளுக்கு அது என்ன அர்த்தம் எண்டு விளக்கவும் தேவையில்லை.

இதுக்குப் பின்னால ஒரு பழைய நோயும் இருக்கு. எங்கட சமூகத்துக்கு ஒழுக்கம் எண்டால் பார்வைக்குத் தெரியிறது. 2016 ஜனவரியில கலைப்பீடத்தில ஒரு அறிவித்தல் வந்தது ஞாபகம் இருக்கோ? ஜீன்ஸ், ரீசேட் கூடாது, வெள்ளிக்கிழமையில பெண்பிள்ளைகள் சேலை, ஆம்பிளைப் பிள்ளைகள் தாடி விடக்கூடாது. நாங்கள் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளைகள்; பத்திரிகையில படிச்சுச் சிரிச்சோம். எதிர்ப்புக் கிளம்பி அது நிண்டுபோச்சு. தாடி வைச்சவன் கெட்டவன் எண்டு பார்க்கிற கண்தான் இண்டைக்கு ஆற்றுப்படுத்தல் தேவைப்படுகிறவனையும் பார்க்குது. குடியிலயும் அதே கண்தான். தவறணையில கள்ளுக் குடிக்கிறவன் குடிகாரன். கனடாவில இருந்து வந்த மாமா திறக்கிற விமான நிலையப் போத்தல் 'ஒரு சின்னப் பார்ட்டி'. சீவல் தொழில் செய்கிற குடும்பங்களில இருந்து வந்த பிள்ளைகள் எங்கட பீடத்திலயும் படிக்கினம். போதை ஒழிப்புக் கருத்தரங்குகளில பேச்சாளர் கள்ளுக்கு எதிராகக் கொதிக்கேக்க, அந்தப் பிள்ளைகள் தலை குனிஞ்சுகொண்டு இருக்கிறதைப் பக்கத்தில இருந்து பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் கருத்தரங்கில விஸ்கி எண்ட சொல்லே வரவில்லை.

பெண்களுக்கு இன்னொரு விசேஷம் இருக்கு. ஆம்பிளைப் பிள்ளைக்கு விதி தண்டனை தரும். பெண்பிள்ளைக்கு விசாரணையே தண்டனை. "அந்த அறையில நீயும் இருந்தியோ" எண்டு ஒரு கேள்வி கேட்டால் போதும், அது வெளியால வந்து, ஊருக்குப் போய், கலியாணம் பேசுற இடம் மட்டும் நிக்கும். ஆகவே சாட்சி சொல்லப் பெண்பிள்ளைகள் வாறதில்லை. தங்களைத் தொல்லைப்படுத்தினவனுக்கு எதிராகக்கூட வாறதில்லை. இரகசியம் காக்கிறது எண்டு விதியில ஒரு வரி இருந்தால் போதாது. கசியவிட்டவருக்கு என்ன தண்டனை எண்டும் எழுதவேணும்.

நாங்கள் கேட்கிறது பெரிய புரட்சி இல்லை. உதவிக்கு ஆளைக் கூப்பிட்டவருக்கும், ஆருக்காகக் கூப்பிட்டாரோ அவருக்கும், மது, போதைப் பாவனைக்காக மட்டும் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடாது எண்டு விதியில எழுதுங்கோ. பலவந்தமாகப் பருக்கினவனுக்கு, விற்றவனுக்கு, தொல்லை குடுத்தவனுக்கு இந்தச் சலுகை இல்லை எண்டும் அதிலேயே எழுதுங்கோ. ஆபத்தான விசயம் தவிர, விசாரணை முடியுமுன் வகுப்புத்தடை போடாதேங்கோ. விரிவுரை எடுக்கிற அதே ஆள் 'மாணவர் ஆலோசகர்' எண்டு பெயர்ப்பலகை போட்டுக்கொண்டு இருக்காமல், புள்ளி போடாத, அறிக்கை எழுதாத உண்மையான உளவளத்துணையாளர்களைப் போடுங்கோ. தான் ஐஸ் பாவிக்கிறன் எண்டு ஒரு பெடியன் தானாக வந்து சொல்ல இண்டைக்கு எங்க போவான்? தன்ர விரிவுரையாளரிட்டயா?

விதி மாறுகிற வரைக்கும் ஒண்டு மட்டும், போர்டிங்கில இருக்கிற எல்லாருக்கும். குடிச்சவன் எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு விட்டு விட்டு வந்தால், உடம்பு குளிர்ந்து நிறம் மாறினால் அது நித்திரை இல்லை. நிமிர்த்திக் கிடத்தாதேங்கோ, பக்கவாட்டில திருப்பிக் கிடத்துங்கோ. தேசிக்காய், மோர், கோப்பி, குளிப்பாட்டுறது ஒண்டும் வேலை செய்யாது. மயங்கினவன்ர வாயில ஊத்தினால் தொண்டைக்குள்ள போகும். தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ. 1990 க்கு அடியுங்கோ. சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இல இருந்து வடக்கிலயும் ஓடுது, காசு இல்லை.

அண்டைக்கு இரவு தூக்கிக்கொண்டு போன ரெண்டு பேரில ஒருத்தன் இப்ப தன்ர பற்ச்சுக்குப் பின்னால இருந்து படிக்கிறான். இதை எழுதமுதல் அவனிட்டக் கேட்டோம்: திரும்பவும் அப்படி ஒண்டு நடந்தால் என்ன செய்வாய்? கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான்.

"1990 க்கு அடிப்பன்," எண்டான். "ஆனா என்ர போனில இருந்து இல்லை."