நீலகிரியின் கல் தொழுக்களைக் காக்க ஒரு வேண்டுகோள்

நீலகிரி மாவட்ட மக்கள், தோட்ட உரிமையாளர்கள், சாலை மற்றும் கட்டட ஒப்பந்ததாரர்கள், மலைக்கு வந்துசெல்லும் பயணிகள் ஆகிய அனைவரின் கவனத்திற்கும்:

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் விரிந்துகிடக்கும் நீலகிரி மேட்டுநிலத்தில், சோலைகளை ஒட்டிய புல்வெளிகளில், சாந்தின்றி வட்டமாக அடுக்கப்பட்ட கற்சுவர்கள் ஆங்காங்கே காணப்படுகின்றன. இவற்றுள் ஒருவகை, தோடர் தம் எருமைகளை இரவில் அடைத்துவைக்கும் தொழுக்கள். வாயிலின் இருபுறமும் நிற்கும் கம்பங்களில் துளையிட்டு, அவற்றில் குறுக்குக் கழிகளைச் செருகி அடைப்பது அவற்றின் அமைப்பு. டிசம்பர் முதல் மார்ச் வரை உறைபனியாலும் வறட்சியாலும் புல் கருகும்போது, மந்து எனப்படும் வழக்கமான தோடர் குடியிருப்பை விட்டு மேற்கே குந்தா மலைப்பக்கத்து மந்துகளுக்கு எருமைகளை ஓட்டிச்செல்லும் வழக்கத்தை, 1906இல் வெளியான தமது நூலில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் பதிவுசெய்துள்ளார். ஆகவே, ஆண்டின் பெரும்பகுதி ஆளின்றிக் கிடப்பது இத்தகைய பருவகால மந்துகளின் இயல்பு. அதைக் கண்டு அவை கைவிடப்பட்டவை என்று முடிவுசெய்வதே அவற்றின் அழிவுக்குத் தொடக்கமாகிறது.

மற்றொரு வகை, குன்றுகளின் உச்சியில் கிணற்றுச் சுவர்போல எழுப்பப்பட்ட ஈமக் கல்வட்டங்கள். நீலகிரியின் முதல் ஆணையரான ஜே. டபிள்யூ. பிரீக்ஸ் இவற்றை அகழ்ந்து எழுதிய நூல் 1873இல் வெளிவந்தது. இங்குக் கிடைத்த மட்கலங்களின் மூடிகள் மீது எருமை உருவங்கள் அமைந்துள்ளன. அவற்றைச் செய்தோர் யார் என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

அவ்வினாவுக்கும், தொழுக்கள் எழுப்பும் மேய்ச்சல் பற்றிய வினாக்களுக்கும் விடை காண, கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும். தொழு எந்த நீரூற்றை நோக்கியது, எந்தச் சரிவில் அமைந்தது, அதன் மண்ணில் சாணத்தால் சேர்ந்த பாஸ்பேட் எவ்வளவு என்பவற்றைக் கொண்டே மேய்ச்சலின் வரலாற்றை மீட்க இயலும். பெயர்த்தெடுத்த கல் இவற்றுள் எதையும் சொல்லாது. ஏற்கெனவே 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட சீகையும் கற்பூர மரமும் புல்வெளிகளில் பரவியுள்ளன. பைக்காரா, அப்பர் பவானி போன்ற நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்துள்ளன. எஞ்சியவற்றையேனும் காப்பது இத்தலைமுறையின் கடமை.

எனவே, தொழுக்களிலிருந்தும் கல்வட்டங்களிலிருந்தும் வேலிக்கோ கட்டடத்திற்கோ கல் எடுக்க வேண்டாம் என்றும், அவற்றினுள் தீ மூட்டவோ வண்டிகளை நிறுத்தவோ வேண்டாம் என்றும் இவ்வேண்டுகோளை விடுக்கும் குழுவினர் கேட்டுக்கொள்கின்றனர். புதையல் தேடித் தோண்டுவது வரலாற்றை அழிப்பதோடு சட்டச் சிக்கலுக்கும் உரியது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். புதிய இடம் ஒன்றைக் காண்போர் படம் எடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்கு அறிவிக்கலாம். காவலற்ற இடத்தின் சரியான அமைவிடத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடுவதைத் தவிர்க்கலாம்.

பருவகால மேய்ச்சலை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமூக உரிமையாக ஏற்கிறது. ஆதலால், ஒரு தொழுவைச் சீரமைக்கவோ வேலியிட்டு மூடவோ திட்டமிடும் எவரும், அந்த மந்துக்குரிய தோடர் குடும்பத்தாரை முதலில் கேட்டு, அவர்களின் இசைவோடு மட்டுமே செயல்பட வேண்டும்.