ஆயிரம் ரூபாய் வாங்குறவங்க உழைக்கக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?



"தையல் மெஷின் வாங்கிப் போட்டா உரிமைத்தொகை கட் ஆயிடும்."

"நாலு வீட்டுக்குச் சமைக்கப் போறேன்னு வெளியில சொல்லாதே, லிஸ்ட்ல இருந்து பேரைத் தூக்கிடுவாங்க."

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் இருக்கிற நம் தோழர்கள் இந்தப் பேச்சை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் இந்தப் பயம். இன்னொரு பக்கம், "இலவசம் கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று ஏ.சி. அறையிலிருந்து வரும் உபதேசம். வேலை செய்தால் பணத்தை நிறுத்திடுவாங்கன்னு அவளைப் பயமுறுத்துவீங்க. அவள் வேலைக்குப் போகலைன்னா சோம்பேறின்னும் சொல்வீங்க. இது என்ன நியாயம்?

முதலில் விதியைப் பார்ப்போம்.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் அரசாணையில், வீட்டில் சிறுதொழில் செய்பவருக்குத் தகுதி இல்லை என்று ஒரு வரிகூட இல்லை. அதில் இருக்கும் முக்கிய வரம்புகள் இவைதான்:

👉 குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது.
👉 நன்செய் 5 ஏக்கருக்கு மேல், புன்செய் 10 ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது.
👉 வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது.
👉 கார், ஜீப், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் சொந்தமாக இருக்கக் கூடாது.
👉 தொழில் செய்பவர் என்றால், ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்றுமுதல் காட்டி ஜி.எஸ்.டி. கட்டுபவருக்குத்தான் தடை.

இப்போ கணக்குப் போடுங்க. கணவருக்கு மாதம் 12,000 கூலி. மனைவி காலையில் இரண்டு வீட்டில் சமைத்து, மதியம் பிளவுஸ் தைத்து, 5,000 சம்பாதிக்கிறார். மொத்தம் மாதம் 17,000. ஆண்டுக்கு 2,04,000. வரம்புக்குள்தான் இருக்கிறது. இட்லி மாவு அரைத்துக் கொடுக்கலாம், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகலாம், துணி தேய்த்துக் கொடுக்கலாம். யாருக்கும் பயப்பட வேண்டாம்!

ஒரே ஒரு எச்சரிக்கை. "கடன் வாங்கித் தர்றேன்" என்று வரும் புரோக்கர், உங்களுக்கு வராத வருமானத்தை வந்ததாக வருமான வரிக் கணக்கில் எழுதிவிட்டால் வரம்பு தாண்டிவிடும். எதில் கையெழுத்துப் போட்டாலும் தொகையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்து, அந்தச் சோம்பேறிப் பட்டம். 2022 ஜூலையில் பிரதமர் "ரேவடி கலாச்சாரம்" என்றார். 2025 பிப்ரவரியில், வீடற்றவர்கள் வழக்கை விசாரித்த உச்சநீதிமன்ற அமர்வு, ஒட்டுண்ணிக் கூட்டத்தை உருவாக்குகிறோமா என்று கேட்டது. ஆதாரம் எங்கே ஐயா? நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளில் ஏழு உதவித்தொகைத் திட்டங்களின் தரவுகளைப் பார்த்தார்கள். பணம் கிடைத்ததால் மக்கள் வேலையை விட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள். 2019-ல் கார்ப்பரேட் வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். அப்போ எந்த முதலாளியையும் ஒட்டுண்ணி என்று யாரும் கேட்கவில்லையே!

இதை ஏன் குறிப்பாகக் கள்ளக்குறிச்சியை வைத்துப் பேசுகிறோம்?

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்கு அடுத்த மாதம், கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் கிடந்த மலை அது. உள்ளூரில் நாலு காசு பார்க்க வழியில்லாமல்தான் அங்கே ஒருத்தர் சாராய ஊறல் போடப் போனார், ஒருத்தர் ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போய் ஜெயிலில் கிடந்தார், இன்னும் பலர் குடும்பத்தோடு கேரளா, கர்நாடகா என்று கூலிக்குப் போனார்கள். ரெய்டு விட்டு ஊறலை அழிக்கலாம். அடுத்த நாள் அடுப்பு எரிய என்ன வழி? வெள்ளிமலையில் ஒரு பெண் தையல் மெஷின் போடுவதும், ஒரு இளைஞர் மோட்டார், மிக்சி ரிப்பேர் செய்வதும் அங்கே சின்ன விஷயம் இல்லை. அதற்குக் குறுக்கே அரசின் விதியும் நிற்கக் கூடாது, புரளியும் நிற்கக் கூடாது.

ஆனால் உண்மையிலேயே விதி குறுக்கே நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது ஆதரவற்ற விதவை உதவித்தொகை. 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. பெயரிலேயே "ஆதரவற்ற" என்று இருக்கிறது. கணவனை இழந்தவள் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து 3,000 சம்பாதித்தால், "உனக்குத்தான் வருமானம் இருக்கே" என்று கேட்க அந்த ஒரு சொல் போதும். பிள்ளையைப் படிக்க வைக்க நினைக்கும் தாய், சம்பாதிப்பதை மறைத்து வாழ வேண்டுமா? உழைப்பதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டுமா? பிரிட்டனில்கூட யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவர் ஒரு பவுண்டு சம்பாதித்தால் அதிகபட்சம் 55 பென்ஸ்தான் உதவியில் குறைக்கிறார்கள். சம்பாதித்தவர் கையில் மீதி நிற்கிறது. இங்கே மட்டும் ஏன் "வந்தால் முழுசு, போனால் முழுசு"?

எந்த ஆட்சி இருந்தாலும் நம் கோரிக்கை இதுதான்:

1️⃣ விதவை உதவித்தொகை பெறுபவர் ஆண்டுக்கு எவ்வளவு வரை சம்பாதிக்கலாம் என்று விதியில் தெளிவாக எழுது. உழைப்பைத் தண்டிக்காதே.

2️⃣ எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல், எந்த உதவித்தொகையையும் நிறுத்தாதே.

3️⃣ உரிமைத்தொகைத் தகுதி விதிகளை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வை.

4️⃣ வீட்டுப் பணியாளர் நல வாரியப் பதிவு முகாமைக் கள்ளக்குறிச்சியில் மட்டுமல்ல, வெள்ளிமலையிலும் நடத்து.

தோழர்களே, நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் தெருவில் இந்தப் பயத்தால் வேலையை மறைக்கும் அக்கா, அத்தை, தங்கை யாராவது இருந்தால் இந்த வரம்புகளைப் படித்துக் காட்டுங்கள். உரிமைத்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால், தகவல் வந்த 30 நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். இ-சேவை மையத்துக்கு நீங்களே கூடப் போய் எழுதிக் கொடுங்கள்.

ஆயிரம் ரூபாய் அவள் உரிமை. அதற்கு மேல் உழைத்துச் சம்பாதிப்பதும் அவள் உரிமை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

பகிருங்கள். மலை வரைக்கும் போய்ச் சேரட்டும்! ✊

#உழைப்பும்_உரிமை #கள்ளக்குறிச்சி #கல்வராயன்மலை