உத்தியோகத் தரகர்

கலியாணத் தரகரை நம் ஜனங்கள் எப்படி நடத்துவார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம். வீட்டில் பெண் வளருகிற வரையில் அவர் வாசலோடு போனாலும் 'வாருங்கள்' என்று ஒரு வார்த்தை கிடையாது. வரன் தேடவேண்டிய வயது வந்துவிட்டால் ஒரே நாளில் ஆப்த நண்பராகி விடுகிறார். காரியம் முடிந்தால் தட்சிணையோடு சரி. முடியாவிட்டால் அவரைப் போன்ற அயோக்கியர் உலகத்திலேயே இல்லை. நம்முடைய கல்லூரிகளில் இதே மரியாதையைப் பெற்றுக் கொண்டிருக்கிற உத்தியோகஸ்தர் ஒருவர் உண்டு. பிளேஸ்மெண்ட் ஆபீஸர் என்று அவருக்குப் பெயர்.

அவர் தரகரானது அவருடைய குற்றமல்ல. நிர்வாகமும் பெற்றோரும் மாணவரும் கூடிச் செய்த காரியம் என்பது என் கட்சி.

ஓசூர்ப் பக்கத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கர்நாடக எல்லையோரத்தில் இருந்த அந்தச் சிற்றூரை, 1971-ல் தோன்றிய சிப்காட் நிறுவனம் தொழில் நகரமாக்கிற்று. டி.வி.எஸ். மொபெட்டும், அசோக் லேலண்டு லாரியும், டைட்டன் கைக்கடிகாரமும் அங்கிருந்து புறப்பட்டு நாடெல்லாம் போயின. இன்று போச்சம்பள்ளிக்கருகே மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். ஓசூரை அடுத்து டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஐபோனுக்கு உறுப்புகள் செய்கிறது. அங்கே வேலை பார்க்க 2022-ல் ஜார்க்கண்டிலிருந்து இளம் பெண்கள் ரயிலேறி வந்தார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து வந்த பெண்ணுக்குத் தெரிந்த தொழிற்சாலை வாசல், பக்கத்துக் கல்லூரி மாணவனுக்குத் தெரியவில்லையென்றால் அது யாருக்கு வெட்கம்?

அந்த வாசலைக் காட்டுவதற்குத்தான் பிளேஸ்மெண்ட் ஆபீஸர் இருக்கிறார். அந்த வட்டாரக் கல்லூரி ஒன்றில் இந்த உத்தியோகம் பார்ப்பவர் ஒருவரை எனக்குப் பழக்கம். அவரிடம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்தத் தொழிற்சாலையில் என்ன இயந்திரம், எத்தனை ஷிப்டு, இரவு ஷிப்டு முடிந்தால் பஸ் உண்டா, தங்குவதற்கு விடுதி எப்படி, மேஸ்திரி கோபக்காரரா நல்லவரா என்பது வரையில் எழுதி வைத்திருக்கிறார். "இதையெல்லாம் பையன்கள் கேட்பார்களோ?" என்றேன். "கேட்கிறது ஒன்றே ஒன்றுதான் ஸார்: பேக்கேஜ் எவ்வளவு? அதையும் நாலாவது வருஷத்தில்தான் வந்து கேட்கிறார்கள்" என்றார்.

இந்த உத்தியோகம் இப்படிப் பிறக்கவில்லை. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளின் வேலைக்காக 1892-லேயே ஒரு குழு அமைத்தது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உள்ள மையத்தின் பெயரிலும் வேலைவாய்ப்புத் தகவல், வழிகாட்டல் என்ற சொற்கள்தாம் இருக்கின்றன. தகவல் சொல்வதும் வழி காட்டுவதும் முதல் வருஷத்தில் செய்ய வேண்டிய பணிகள். பரீட்சை நெருங்கும்போது செய்வது பஞ்சாயத்து.

ஆனால் நிர்வாகங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை. 2016 முதல் மத்திய அரசு கல்லூரிகளுக்குத் தர வரிசை வெளியிடுகிறது. எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் என்ன என்பனவும் அதில் கணக்குக்கு வருகின்றன. கணக்குக் கேட்பது தவறல்ல. அந்தக் கணக்கையே கல்வியின் பலனாக்கி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஆளுயரத் தட்டியில் எழுதி வைப்பதுதான் தவறு. தட்டியில் எண் குறைந்தால் தண்டனை யாருக்கு? நோட்டுப் புத்தகக்காரருக்கு.

"கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம்; உத்தரவாதம் கேட்கக் கூடாதா?" என்று பெற்றோர் சீறலாம். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கம்பெனியின் கடிதம் உத்தரவாதமல்ல. இன்போஸிஸ் கம்பெனியின் கடிதத்தை 2022-ல் பெற்றவர்களில் பலர் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து 2024 அக்டோபரில் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில், உள்பரீட்சையில் தேறவில்லையென்று 300-க்கு மேற்பட்டவர்களை மைசூர்ப் பயிற்சி நிலையத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். காகிதம் கைக்கு வந்த அன்றைக்கே கல்லூரிகளின் கணக்கு முடிந்து விடுகிறது. பிள்ளையின் கணக்கு அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

முன்கூட்டியே பழகுவதால் என்ன லாபம் என்பவர்களுக்கு ஓசூரே பதில் சொல்லும். டைட்டன் தொழிற்சாலை தொடங்கிய 1980-களில், பள்ளிக்கூடம் முடித்த பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலே தேடிப் பொறுக்கி ஓசூருக்கு அழைத்து வந்தார்கள். கடிகாரத்தின் நுண்ணிய வேலையைப் பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார்கள். வீட்டைப் பிரிந்த பிள்ளைகளைக் கவனிக்கப் பெற்றோர் ஸ்தானத்தில் ஆட்களையும் வைத்தார்கள். அங்கே ஆளைத் தெரிந்து கொண்ட பிறகு வேலை கொடுத்தார்கள். இங்கே முகமே தெரியாத நூற்றுக்கணக்கான பேரை ஒருவர் ஒரே மாதத்தில் 'வைத்துவிட' வேண்டுமாம்!

மாணவனும் தப்பமுடியாது. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தை 1973-ல் திருத்தி, என்ஜினீயரிங் பட்டதாரிகளும் உதவித் தொகையோடு தொழிற்சாலையில் பயிற்சி பெற வழி செய்தார்கள். வருஷக் கடைசியில் வேலையில்லை என்று அழுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? சொல்வதற்கு ஆள் இருக்கிறார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

முதல் வருஷத்திலேயே போய் அவருடைய அறைக் கதவைத் தட்டுங்கள். வேலை கேட்க வேண்டாம். "எனக்கு இயந்திரத்தின் சத்தம் பிடிக்கிறது, கணக்குப் பிடிக்கவில்லை; நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நிர்வாகிகளே, இந்த வருஷம் எத்தனை கடிதம் வந்தது என்று அவரைக் கேட்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் போனவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தட்டியில் எழுதத் துணிகிற கல்லூரி எதுவோ, அதில் உங்கள் பிள்ளையைச் சேருங்கள்.