"சும்மா உயிரியல்தான் படிக்கிறாள்"

"மகளுக்கு மருத்துவம் கிடைக்கேல்லை டொக்டர். சும்மா உயிரியல்தான் படிக்கிறாள்" என்று எம்மிடம் வரும் பெற்றோர் தாழ்ந்த குரலில் சொல்வதுண்டு. பக்கத்தில் பிள்ளை தலை குனிந்திருக்கும். தலையிடி, நித்திரையின்மை என்று வரும் இப்பிள்ளைகள் சிலருடன் தனியே பேசினால், அந்தச் 'சும்மா' எவ்வளவு நோகச் செய்திருக்கிறது என்பது தெரியவரும்.

இவர்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பழகும் வேலைகளில் ஒன்று விலங்குக் கல வளர்ப்பு. உடலிலிருந்து பிரித்தெடுத்த கலங்களை வெளியே உயிரோடு வளர்ப்பதே இது. 37 பாகை செல்சியஸ் வெப்பம், 5 சதவீத காபனீரொட்சைட்டு, குளுக்கோசும் அமினோ அமிலங்களும் கலந்த இளஞ்சிவப்புத் திரவம் ஆகியவை வேண்டும். திரவம் மஞ்சளானால் அமிலம் கூடிவிட்டது, புதிய உணவு கொடுக்க வேண்டும் என்று பொருள். கையுறையையும் மேசையையும் 70 சதவீத அற்ககோலால் துடைத்தே போத்தலைத் திறக்கலாம். பற்றீரியாவோ பங்கசோ புகுந்துவிட்டால் பல வார உழைப்பு குப்பைக்குத்தான். கலங்களுக்குச் சனி, ஞாயிறு தெரியாது. "இண்டைக்குக் கலங்களுக்குச் சாப்பாடு மாத்த வேணும்" என்று பிள்ளை ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டால், அதைச் சாட்டு என்று நினைக்காதீர்கள்.

ஊரில் போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். 1949 இல் எண்டர்ஸ், வெல்லர், ரொபின்ஸ் ஆகிய மூவரும் போலியோ வைரசை நரம்பல்லாத இழையங்களில் வளர்க்கலாம் என்று காட்டினார்கள். 1954 இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த வழியில், குரங்கின் சிறுநீரகக் கலங்களில் வளர்த்த வைரசைக் கொண்டே சோல்க்கின் தடுப்பூசி தயாரிக்கப்பட்டு, 1955 இல் பாவனைக்கு வந்தது. இன்று நாம் போடும் சின்னமுத்துத் தடுப்பூசியும் கோழிக்கருவின் கலங்களில் வளர்த்த வைரசுதான். கலம் வளர்ப்பவர்கள் இல்லாவிட்டால் வைத்தியர்களாகிய எமது கையில் இந்த ஊசிகள் இருக்காது.

அகதிகளாக வந்த நாம், பிள்ளைகள் வைத்தியராக வேண்டும் என்று ஆசைப்பட்டதில் பிழையில்லை. எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்த எமக்கு அது ஒரு பாதுகாப்பாகத் தெரிந்தது. ஆனால் எமது பயத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றக்கூடாது.

இனி யாராவது கேட்டால், "மகள் கல வளர்ப்புப் பழகுகிறாள்" என்று பிள்ளைக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டின்போது, "உன்ரை கலங்கள் எப்பிடி இருக்குது?" என்று ஒருமுறை விசாரியுங்கள். விளங்கும்வரை அவர்களே சொல்லித் தருவார்கள்.