திரும்பிப் போகலாம் என்று சொல்பவன் கோழையா?



போன வாரம் எங்கள் வகுப்பில் பனிமலை ஏறுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. "பாதி வழியில திரும்பி வர்றவன் கோழை" என்றான் ஒரு நண்பன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட மனசு வரலை. ஆனால் எதிர்த்தும் பேசலை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெரியப்பா மகன் ராணுவத்தில் காஷ்மீர்ப் பக்கம் இருக்கிறார். குளிர்காலம் வந்தால் பெரியம்மா செய்தி முடியும்வரை டிவி முன்னாடியே இருப்பார். காரணம் இருக்கிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாம் பனிச்சரிவில் புதைந்தது. அங்கிருந்த 10 பேரில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் 6 நாள் கழித்து உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11-ல் அவரும் இறந்துவிட்டார்.

அவர்கள் காவல் நின்றவர்கள். திரும்பி வர முடியாது. ஆனால் ஆசைக்காக மலைக்குப் போகிறவர்கள் திரும்பலாமே!

பொங்கல் லீவில் வந்தபோது அண்ணன் விளக்கினார். "அடியில பழைய பனி சீனி மாதிரி உதிரியா கிடக்கும். மேல புதுப் பனி காத்துல இறுகிப் பலகை மாதிரி நிக்கும். ஒரு ஆள் மிதிச்சா போதும், மொத்தமா பேர்ந்து வரும்."

30 முதல் 45 டிகிரி வரை சாய்வான இடங்கள்தான் அதிக ஆபத்து. பொழுதுபோக்குக்காகப் போய்ச் சிக்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது தடவை, பனியைக் கிளப்பிவிட்டதே அவரோ அவர் கூட வந்தவரோதான். முழுசாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் மூன்று பேர்தான். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது. கூட இருப்பவரிடம் சிக்னல் கருவியும், குத்திப் பார்க்கும் கம்பியும், மண்வெட்டியும் இருக்க வேண்டும்.

கருவி மட்டும் போதுமா? 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டனல் கிரீக் என்ற சரிவில் 16 பேர் பனிச்சறுக்குக்குப் போனார்கள். பெரும்பாலோர் நல்ல அனுபவசாலிகள். பனி சரிந்து 3 பேர் இறந்தார்கள். மனசுக்குள் சந்தேகம் இருந்தும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று பிழைத்தவர்களில் சிலர் பிறகு வருந்தினார்கள். 'இவ்வளவு பெரிய ஆளுங்க இருக்காங்க, நாம என்ன சொல்றது' என்ற நினைப்பு நமக்கும் தெரிந்ததுதானே?

பயந்தால் எதையும் சாதிக்க முடியாது என்று நீங்கள் கேட்கலாம். நான் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் நாட்டில் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைக் கேட்டுவிட்டுப் போகலாம். சந்தேகம் வந்தால் குழுவில் சின்னவர்கூட "வேண்டாம், திரும்பிடலாம்" என்று சொல்லலாம். மற்றவர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த வருஷமும் ஏறலாம்.

பத்துப் பேர் கைதட்டும்போது தனியாக "வேண்டாம்" என்று சொல்லத்தான் அதிகத் தைரியம் வேண்டும். அன்று வகுப்பில் எனக்கு அது இல்லை. அடுத்த தடவை கை தூக்குவேன். நீங்களும் தூக்குவீர்களா?

இப்படிக்கு,
10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி