இரண்டு புள்ளி, ஒரு கோடு

காவல்காரன் வீட்டிலேயே திருடன் புகுந்தால் யாரைக் கூப்பிடுவது? செக்யூரிட்டி சாஃப்ட்வேர்களுக்கும் இந்தக் கதி வருவதுண்டு.

பல மெஷின்கள் 'கிளஸ்டர்' என்று கூட்டுக் குடித்தனம் நடத்தும். ஒன்று அனுப்பும் ஃபைலை மற்றது 'நம்மாளுதானே' என்று பெயரைக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்தால் வம்பு. பெயரில் '../' இருந்தால், 'ஒரு ஃபோல்டர் மேலே ஏறு' என்று அர்த்தம். நாலு தடவை போட்டால், திண்ணைக்கு வந்தவன் பீரோ முன்னால் நிற்பான்!

2024 ஜூலையில், 'ஸ்ப்ளங்க்' என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேரின் விண்டோஸ் வடிவத்தில் இதே ரக ஓட்டையை அடைத்தார்கள். பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே இருந்த ஃபைல்களைப் படிக்க முடிந்தது.

சிரிக்காதீர்கள். நானும் இப்படி ஒரு புரோகிராம் எழுதி, டெஸ்ட் செய்த பையனிடம் அசடு வழிந்திருக்கிறேன். "சார், முழுப் பாதையையும் விரிச்சுப் பாருங்க. நம்ம ஃபோல்டரைத் தாண்டினா விடாதீங்க" என்றான்.

மச்சானே வந்தாலும் பையைத் திறந்து பார்ப்பதில் தப்பில்லை.