இரவல் ராக்கெட்டில் எவ்வளவு தூரம் போகலாம்? ஐரோப்பா படித்த பாடமும் குலசேகரப்பட்டினமும்

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளிக்குத் தறி சொந்தம், தொழில் தெரிந்த கையும் சொந்தம். ஆனால் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வரணும், சரிகை சூரத்திலிருந்து வரணும். அங்கே விலை ஏறினாலோ சரக்கு தாமதமானாலோ இங்கே தறி நின்றுவிடும். விண்வெளியிலும் இதே கதைதான். செயற்கைக்கோள் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. மேலே கொண்டுபோக சொந்த வண்டி வேண்டும்.

அமெரிக்கா போட்ட நிபந்தனை

1970-களில் பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து 'சிம்பொனி' என்ற தகவல்தொடர்பு செயற்கைக்கோளை உருவாக்கின. ஏவுவதற்கு ராக்கெட் இல்லை. அமெரிக்கா ஏவித்தர சம்மதித்தது. ஆனால், 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று கறாராகச் சொல்லிவிட்டது. 1974 டிசம்பரில் அமெரிக்க ராக்கெட்டில்தான் சிம்பொனி போனது. ஐரோப்பா தனக்கென ஏரியான் ராக்கெட்டை உருவாக்கியதற்கு இந்தக் கசப்பும் ஒரு முக்கியக் காரணம்.

அதில் இந்தியாவுக்கும் லாபம் கிடைத்தது. 1981 ஜூன் 19-ல் இந்தியாவின் 'ஆப்பிள்' செயற்கைக்கோள் ஏரியானில்தான் பறந்தது.

மறுபடியும் அதே இடம்

உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவின் சோயூஸ் ஐரோப்பாவுக்குக் கிடைக்கவில்லை. ஏரியான் 5, 2023 ஜூலையில் ஓய்வுபெற்றது. ஏரியான் 6 முதன்முதலில் பறந்ததோ 2024 ஜூலையில். இந்தக் காலகட்டத்தில் யூக்ளிட் தொலைநோக்கியும், ஐரோப்பாவின் சொந்த ஜிபிஎஸ் போன்ற கலிலியோ செயற்கைக்கோள்களும் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9-ல் போயின. பணமும் திறமையும் இருந்தும் வண்டி இல்லை!

இந்தியா மட்டும் என்ன?

இந்தியாவும் சூடு பட்டதுதான். 1991-ல் சோவியத் யூனியனுடன் கிரையோஜெனிக் இன்ஜின் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்க அழுத்தத்தால் 1993-ல் ரஷ்யா தொழில்நுட்பம் தர மறுத்து, இன்ஜின்களை மட்டும் கொடுத்தது. சொந்த கிரையோஜெனிக் இன்ஜினோடு ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறக்க 2014 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த உழைப்புக்குப் பலன் இருந்தது. 2022-ல் ரஷ்யா கைவிரித்த பிரிட்டனின் ஒன்வெப் நிறுவனம் இந்தியாவிடமும் வந்தது. அதன் 72 செயற்கைக்கோள்களை எல்விஎம்3 இரண்டு தவணையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதற்காகக் காலரைத் தூக்கிவிட முடியாது. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2, 2024 நவம்பரில் ஃபால்கன் 9-ல்தான் போனது. அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகும் சக்தி எல்விஎம்3-க்கு இல்லை.

குலசை ஏன் முக்கியம்?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் வழியில் இலங்கை வரும். ராக்கெட் வளைந்து போகணும், எரிபொருள் வீணாகும். சுமார் 500 கிலோ மட்டுமே சுமக்கும் எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடல் மேல் போகலாம். 2024 பிப்ரவரி 28-ல் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது.

இது ஏதோ தென் மாவட்டத்துக்குக் கிடைத்த ஒரு திட்டம் என்று சுருக்கிப் பார்ப்பது தவறு. அடுத்தவர் நிபந்தனை போடும்போது 'பரவாயில்லை, வேற வழி இருக்கு' என்று சொல்லும் பலம் அது. தேவைப்படும்போது வெளி ராக்கெட்டை வாடகைக்கு எடுப்பதில் அவமானம் இல்லை. அது மட்டுமே வழி என்று ஆகும்போதுதான் ஆபத்து.

கனரக அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. அது பறந்து காட்டும்வரை எல்விஎம்3 தயாரிப்பைக் குறைக்கக் கூடாது. புது வீட்டில் பால் காய்ச்சும் முன்பே பழைய வீட்டைக் காலி செய்ததுதான் ஐரோப்பா செய்த தவறு.